அழியும் தாளில் அழியாச் செல்வம்

பொங்கல் திருநாளுக்கு முன்னர் வீட்டைத் தூய்மை செய்வது தமிழ் மக்களின் வழக்கம். அந்நாளில் பரண்மீது கிடக்கும் பொருள்கள் யாவும் கீழே இறக்கப்படும். உடைந்த குடை, துருவேறிய தகரப் பெட்டி ஆகியவற்றோடு கயிற்றால் கட்டிய பழைய தாள்களும் இறங்கும். பாட்டனார் படித்த புத்தகங்கள், அட்டை கிழிந்த வார இதழ்கள், உறவினர் திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள் எனப் பலவும் அக்கட்டில் கலந்திருக்கும். பழைய பேப்பர் வாங்குவோர் தராசுடன் வாயிலில் வந்து நிற்பார். கட்டு தராசில் ஏறும். சிறு தொகை கைக்கு வரும். வீடும் தூய்மை பெறும். ஆனால், அக்கட்டோடு வீட்டை விட்டுச் சென்றது யாது? இவ்வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அச்சிலரால் காக்கப்பட்ட செல்வம் மிகப் பெரிது. பழைய நூல்களையும் இதழ்களையும் சிறு அச்சுத் தாள்களையும் தேடித் தொகுப்பதன் பயனையும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஏடும் அச்சும்

அச்சுப்பொறி வருவதற்கு முன்னர் நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதினாலன்றி நூல் பெருகாது. ஆதலின், ஒவ்வொரு சுவடியும் அருமையுடையதாக இருந்தது. எனினும், அருமை அறியாதார் கையில் சிக்கிய சுவடிகள் கறையானுக்கு இரையாயின, ஆற்று வெள்ளத்தில் விடப்பட்டன, நெருப்பிலும் இடப்பட்டன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழுதுற்ற சுவடிகள் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியைக் கேட்டு வருந்தியதை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ளார். அவரும் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவர்போன்ற பிறரும் ஊர் ஊராகத் தேடி அலைந்திராவிடின், சங்க நூல்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887-ஆம் ஆண்டில் அச்சேற்றினர். சாமிநாதையரின் முயற்சியால் 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் வெளிவந்தன.

அச்சு வந்தபின் அழிவுக்கு இடமில்லை என்றே பலரும் கருதினர். தமிழ் எழுத்து அச்சேறியது மிகப் பழங்காலத்திலேயாகும். தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறு நூல் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதன் படி ஒன்று கடல் கடந்து சென்று, அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் எழுந்தது. 1835-ஆம் ஆண்டில் கட்டுப்பாடுகள் நீங்கின. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தும் வாய்ப்புப் பிறந்தது. அதன்பின் நகரங்களில் அச்சகங்கள் பெருகின. நூல்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வெளிவந்தன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ஒன்றே ஒன்றாக இருந்த ஏட்டுச்சுவடியைச் சிலரேனும் பூசையறையில் வைத்துப் போற்றினர். ஆயிரம் படிகள் அச்சான தாளையோ எவரும் போற்றவில்லை. ‘நம்மிடம் இல்லாவிடினும் பிறரிடம் இருக்கும்’ என்று ஒவ்வொருவரும் எண்ணினர். அவ்வாறு ஆயிரம் பேரும் எண்ணியதனால் ஆயிரம் படிகளும் அழிந்தன. மிகுதியாக அச்சிடப்பட்டதே பின்னர் மிக அரிதாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். விலையுயர்ந்த நூல் பேழையில் இடம்பெறும். காலணாப் பாட்டுப் புத்தகம் படித்தவுடன் அடுப்பங்கரைக்குச் செல்லும். ஆதலின், அழியக்கூடியவற்றுள் முதலில் அழிவது எளிய மக்களின் எழுத்தேயாகும்.

பழைய நூல்கள்

தொகுக்கத்தக்க அச்சுப் பொருள்களை மூவகையாகப் பிரிக்கலாம். அவை நூல்கள், இதழ்கள், சிற்றச்சுத் தாள்கள் என்பன.

ஒரு நூல் பல பதிப்புகள் வந்திருக்க, பழைய பதிப்பு எதற்கு என்று சிலர் வினவுவர். முதற்பதிப்பில் உள்ளவை யாவும் பின்வந்த பதிப்புகளில் இருப்பதில்லை. ஆசிரியர் எழுதிய முன்னுரை, புலவர்கள் வழங்கிய சிறப்புப்பாயிரம், நூல் வெளிவரப் பொருளுதவி செய்தோர் பெயர்ப் பட்டியல், அச்சகத்தின் பெயர், விலை ஆகியவை பெரும்பாலும் பிற்காலத்தில் விடுபட்டுப் போகும். யார் உதவியால் நூல் அச்சேறியது, எவ்வூர் மக்கள் அதனை விரும்பி வாங்கினர், அக்காலத்தில் ஒரு நூலின் விலை யாது என்பவற்றையெல்லாம் அறியப் பழம்பதிப்பே துணைசெய்யும். ஆசிரியரே பிற்பதிப்பில் சில பகுதிகளைத் திருத்தியிருத்தலும் கூடும். அவர் கருத்து வளர்ந்த வரலாற்றை இரு பதிப்புகளையும் ஒப்பிட்டாலன்றி அறிய இயலாது.

எழுத்தின் வடிவமும் ஒரு சான்றேயாகும். இன்று நாம் ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகளை இரட்டைக் கொம்பிட்டு எழுதுகிறோம். பழைய நூல்களிலோ அவை யானையின் துதிக்கை மேலெழுந்தாற்போன்ற வடிவில் அமைந்திருக்கும். ‘றா’, ‘னா’ போன்றவையும் கால் தனித்து நில்லாமல் வளைந்து இணைந்திருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்ட பின்னரே இன்றைய வடிவங்கள் எங்கும் பரவின. இன்னும் பழைய நூல்களில் பக்க எண்கள்கூடத் தமிழ் எண்களாகவே இருத்தலைக் காணலாம்.

பழைய இதழ்கள்

நூலுக்கு அடுத்தவை நாளிதழ், வார இதழ், திங்களிதழ் ஆகியவை. எழுத்தாளர் பலருடைய படைப்புகள் முதலில் இதழ்களிலேயே வெளிவந்தன. அவற்றுள் நூல் வடிவம் பெறாதவை பல. இதழ் அழிந்தால் அப்படைப்பும் அழியும். பாரதியார் சுதேசமித்திரன், இந்தியா முதலிய இதழ்களில் எழுதிக் குவித்தவை மிகப் பல. அவர் 1921-ஆம் ஆண்டில் மறைந்தபோது அவற்றுள் பெரும்பகுதி நூலாகவில்லை. பெ. தூரன் பழைய சுதேசமித்திரன் இதழ்களிலிருந்து பாரதியாரின் எழுத்துகளைத் தேடி எடுத்து, 1953-ஆம் ஆண்டில் ‘பாரதி தமிழ்’ என்னும் தொகுப்பாக வெளியிட்டார். இதழ்க் கோப்புகளை எவரோ கட்டிக் காத்து வைத்திருந்ததனாலன்றோ இம்முயற்சி கைகூடியது? சிறுகதை மன்னர் எனப் போற்றப்படும் புதுமைப்பித்தனின் கதைகளும் மணிக்கொடி முதலிய இதழ்களில் வெளிவந்தவை. அக்கதைகளை அவ்விதழ்களோடு ஒப்பிட்டுத் திருத்தமான பாடத்துடன் அமைத்த பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நம் இல்லத்துப் பெண்டிர் அறியாமலே செய்த ஒரு பெருந்தொண்டும் இங்குக் கூறத்தக்கது. வார இதழ்களில் வெளியான தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்து, கதை முடிந்தபின் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்தபோது, மணியம் வரைந்த ஓவியங்களோடு அதனை அவ்வாறு கட்டி வைத்தோர் பலர். அத்தகைய கட்டடங்கள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடப்படுகின்றன. கதை இன்று புதிய நூலாகக் கிடைக்கும். ஆயினும், கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் அச்சான சோப்பு விளம்பரமும், காப்பிப் பொடி விளம்பரமும், நகைச்சுவைத் துணுக்கும் புதிய நூலில் கிடைக்கா. அக்கால மக்கள் எதை உடுத்தனர், எதை உண்டனர், எதைக் கண்டு நகைத்தனர் என்பவற்றை அம்மறுபுறமே நமக்கு உணர்த்தும்.

சிற்றச்சுத் தாள்கள்

மூன்றாவது வகை, ஒருநாள் அல்லது ஒருவாரப் பயன் கருதி அச்சிடப்படும் சிறு தாள்களாகும். அழைப்பிதழ், நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், தேர்தல் துண்டறிக்கை, பயணச்சீட்டு, இரயில் கால அட்டவணை, தீப்பெட்டி ஒட்டுத்தாள் ஆகியவை இவ்வகையைச் சேரும். இவற்றை அச்சிட்டவர் இவை நிலைத்து நிற்க வேண்டும் என்று கருதவேயில்லை. எதிர்காலத்தை எண்ணி ஒப்பனை செய்துகொள்ளாத காரணத்தால், இவை கூறும் செய்தி பெரும்பாலும் இயல்பானதாக இருக்கும்.

சென்னைப் பூங்காநகர்ப் பக்கத்தில் குஜிலிக் கடைத்தெரு என ஒன்று இருந்தது. அங்கு மலிவான தாளில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கப்பட்டன. வெள்ளம், புயல், இரயில் விபத்து, கொலை வழக்கு, விடுதலைப் போராட்டம் எனப் புதிதாக எது நிகழினும் சிந்தாகவும் கும்மியாகவும் பாடி அச்சிட்டுவிடுவர். விற்போர் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் அவற்றை உரக்கப் பாடி விற்பர். எழுத்தறியாதவரும் காதால் கேட்டு மகிழ்வர். செய்தித்தாள் எட்டாத மக்களுக்கு அவையே செய்தித்தாள்களாக விளங்கின. புலவர் உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும், சென்ற நூற்றாண்டுத் தொடக்கத்தில் எளிய மக்கள் எவற்றைப் பற்றிப் பேசினர் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் இன்று அவற்றையே நாடுகின்றனர். விடுதலைப் போராட்டப் பாடல்கள் பலவற்றை ஆங்கில அரசு தடை செய்தது. அவ்வாறு தடை செய்து கைப்பற்றிய வெளியீடுகள் பல புது தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் இன்று காக்கப்பட்டு வருகின்றன. அழிக்க நினைத்தவரிடமே அவை பிழைத்திருந்தன என்பது விந்தையன்றோ?

திருமண அழைப்பிதழை நோக்குவோம். திருமணம் முடிந்தவுடன் அதன் பயன் முடிந்தது என்று நாம் கருதுகிறோம். ஆனால், முகூர்த்த நேரத்தை நாழிகையால் குறித்த காலமும் மணியால் குறித்த காலமும் அதில் புலப்படும். நாகசுரக் கலைஞர் பெயர், விருந்தினர் இறங்க வேண்டிய இரயில் நிலையம் ஆகியவையும் அதில் காணப்படலாம். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் சட்டம் 1967-ஆம் ஆண்டில்தான் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே துணிவுடன் அவ்வாறு மணந்துகொண்டோர் பலர். அம்மணங்கள் எவ்வூரில், எவர் தலைமையில், எந்நாளில் நடந்தன என்பதற்கு அழைப்பிதழ்கள் சிறந்த சான்றாகும்.

இரயில் கால அட்டவணையும் அத்தகையதே. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்கு முன்னர் அச்சான அட்டவணையை எடுத்துப் பார்த்தால், தனுஷ்கோடி நிலையத்துக்கு வண்டி வரும் நேரமும், அங்கிருந்து இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்படும் நேரமும் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். ஊர் மறைந்தது; தாளில் மட்டும் வண்டி இன்னும் வந்து நிற்கிறது.

காலம் கண்டறிதல்

பழைய தாள் ஒன்று கிடைத்தால், அதன் காலத்தைக் கண்டறிவது இன்பம் தரும் முயற்சியாகும். பழைய வெளியீடுகள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. பிரபவ, விபவ எனத் தொடங்கும் அறுபது ஆண்டுகளுள் ஒன்றின் பெயரே இருக்கும். இப்பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. இராமேசுவர யாத்திரையைப் பாடும் சிறு நூல் ஒன்று நமக்குக் கிடைத்ததாகக் கொள்வோம். அதில் ‘பிரபவ ஆண்டு ஆனித் திங்கள், விலை இரண்டணா’ என்று மட்டும் உள்ளது. பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் பிறந்துள்ளது. இம்மூன்றனுள் எது?

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கிப் புதிய காசு முறை நடைமுறைக்கு வந்தது. அணாக் கணக்குப் படிப்படியாக மறைந்தது. ஆகவே, அந்நூல் 1987-ஆம் ஆண்டினதாக இருத்தல் இயலாது. பாட்டின் உள்ளே, பாம்பன் பாலத்தின்மீது இரயிலில் செல்லும் காட்சி வருகிறது எனக் கொள்வோம். அப்பாலம் 1914-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆகவே, 1867-ஆம் ஆண்டும் பொருந்தாது. எஞ்சியது 1927 ஒன்றே. அதே நூலில் ஆனிக்கு மாறாகத் தைத் திங்கள் எனக் குறித்திருந்தால், பிரபவ ஆண்டு நடக்கும்போதே ஆங்கில ஆண்டு மாறிவிடுதலின், 1928 எனக் கொள்ள வேண்டும். விலை, பாலம், திங்கள் ஆகிய மூன்று சிறு குறிப்புகள் ஒருங்கு கூடி ஒரு நூலின் காலத்தை நிறுவிவிடுதலைக் காண்க.

கோட்டையூர் தந்த கொடை

இத்தகைய தாள்களைத் தேடி ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டார் என்றால் வியப்பாக இருக்கும். காரைக்குடிக்கு அண்மையில் உள்ளது கோட்டையூர். அவ்வூரினராகிய ரோஜா முத்தையா, கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் நடத்தியவர். அவர் 1950-ஆம் ஆண்டளவில் தமிழ் நூல்களைத் தொகுக்கத் தொடங்கினார். பிறர் போற்றிய நூல்களை மட்டும் அவர் தேடவில்லை. பழைய நூல்களோடு வார இதழ்களும், நாடக நோட்டீசுகளும், திருமண அழைப்பிதழ்களும், செய்தித்தாள் நறுக்குகளும் அவர் இல்லத்தில் இடம்பெற்றன. எது பயன்படும், எது பயன்படாது என்று தீர்ப்பளிக்கும் உரிமை தமக்கு இல்லை என்பதுபோல அவர் யாவற்றையும் காத்தார். ஆராய்ச்சியாளர்கள் அவ்வூரைத் தேடி வரலாயினர்.

அவர் 1992-ஆம் ஆண்டில் காலமானார். ஒருவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த தொகுப்பு, அவருக்குப் பின் பல கைகளுக்குப் பிரிந்து போவதும், பழைய தாளாக எடைக்குச் செல்வதும் உலகில் அடிக்கடி நிகழ்வனவாகும். அத்தகைய இடர் இத்தொகுப்புக்கும் நேர்ந்திருக்கலாம். அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கியது. வாங்கிய நூல்களைக் கப்பலேற்றித் தன் நாட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. அவை தமிழ் மக்களிடையே இருத்தலே முறை எனக் கருதிச் சென்னையிலேயே நூலகமாக அமையத் துணைநின்றது. நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளுடன் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1996 முதல் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்பட்டு வருகிறது. தரமணியில் உள்ள அந்நூலகத்தில் பழைய தாள்கள் நுண்படச்சுருளாகவும் மின் வடிவாகவும் படியெடுக்கப்படுகின்றன. தூரிகை பிடித்துப் பிழைத்த ஒருவரின் ஆர்வம் உலகத் தமிழாராய்ச்சிக்கு ஒரு தூணாயிற்று.

இவரைப் போன்றே தம் நூல்களைப் பிறர்க்கு உதவுமாறு விட்டுச் சென்றோர் உளர். மறைமலையடிகள் சேர்த்த நூல்கள் 1958-ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்துக்கு அடிப்படையாயின. புதுக்கோட்டையில் ஆசிரியப் பணியாற்றிய கணவனும் மனைவியும் தம் ஊதியத்தைக் கொண்டு நூல்களைச் சேர்த்து, ஞானாலயா என்னும் நூலகத்தை உருவாக்கினர். செல்வர் மட்டுமே நூல் தொகுக்க இயலும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கு ஓவியரும் ஆசிரியரும் சான்றாவர்.

இத்தகையோர்க்குப் பழைய புத்தகக் கடைகளே வேட்டைக் களங்கள். சென்னையில் 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டு பழைய நூல்களுக்குப் பெயர்பெற்று விளங்கியது. அறிஞரும் மாணவரும் அங்கு நூற்குவியல்களின் நடுவே அமர்ந்து தேடுவர். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த பெருந்தீயில் அக்கட்டடம் எரிந்து போயிற்று. ஆயினும், நடைபாதைகளில் பரப்பிய பழைய நூல்களைப் பல நகரங்களில் இன்றும் காணலாம்.

குவியலும் தொகுப்பும்

தாள்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் தொகுப்பு ஆகிவிடாது. ஒழுங்கின்றிச் சேர்ந்தது குவியல். ஒழுங்குடன் சேர்ந்தது தொகுப்பு. இவ்வேறுபாட்டை விளக்க இங்கிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. இலண்டனில் நூல் விற்பனையாளராக இருந்த ஜார்ஜ் தாமசன் என்பவர், 1640 முதல் 1661 வரை வெளியான துண்டு நூல்களையும் செய்தித் தாள்களையும் விடாது சேர்த்தார். இரு கட்சியாரின் வெளியீடுகளையும் வேறுபாடின்றிச் சேர்த்தார். பகைவர் கையில் சிக்காதவாறு அவற்றை இடம் மாற்றி மறைத்தும் வைத்தார். அவர் சேர்த்தவை ஏறத்தாழ 22,000. தம் கைக்கு வந்த நாளை அவற்றுள் பெரும்பாலானவற்றின்மீது தம் கையாலேயே குறித்து வைத்தார். அக்குறிப்பின் துணையால், எந்நாளில் எச்செய்தி நகரில் பரவியது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் நாள் தவறாமல் கூற முடிகிறது. நாள் குறிக்கும் சிறு செயல் எவ்வளவு பெரும்பயன் தந்தது!

ஆகவே, தொகுப்போர் ஒவ்வொரு தாளுக்கும் எங்கு, எப்போது, எவரிடமிருந்து கிடைத்தது என்னும் குறிப்பைத் தனி ஏட்டில் எழுதுதல் வேண்டும். தாளின்மீது மையால் எழுதுதல் கூடாது. எழுத நேரின் பென்சிலால் மெல்ல எழுதலாம். நூல், இதழ், சிற்றச்சு என வகைப்படுத்தி, வரிசை எண் இட்டு, பட்டியல் அமைத்தல் நலம்.

தாளின் பகைவர்

தாளுக்குப் பகை வெளியிலும் உண்டு; உள்ளேயும் உண்டு. கறையானும் இராமபாணமும் ஈரமும் வெயிலும் புறப்பகைகள். அகப்பகை யாது? பழங்காலத்தில் பருத்தி, சணல் முதலியவற்றின் கந்தையிலிருந்து தாள் செய்தனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழால் செய்யும் முறை பரவியது. மரத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாறுபட்டுத் தாளைப் பழுப்பாக்கும். மை ஊறாதிருத்தற்காகச் சேர்க்கப்பட்ட படிகாரம் நாளடைவில் அமிலத்தன்மையை உண்டாக்கித் தாளின் நாரை அரிக்கும். அதனால்தான் நூற்றாண்டு கடந்த செய்தித்தாள் தொட்டவுடன் அப்பளம்போல் நொறுங்குகிறது. செய்தித்தாள் ஒன்றைச் சில நாள் வெயிலில் வைத்து, நிழலில் வைத்த மற்றொன்றோடு ஒப்பிட்டால் இவ்வுண்மையை மாணவரே கண்டறியலாம்.

அழிவை முற்றிலும் தடுக்க இயலாவிடினும் தாமதப்படுத்த இயலும். தாள்களை வெயில் படாத, காற்றோட்டமுள்ள, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். தரையிலும் சுவரை ஒட்டியும் வைத்தல் தீது. கறையான் எளிதில் ஏறும். துருப்பிடிக்கும் குண்டூசிகளை நீக்க வேண்டும். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டுவது நன்மை போலத் தோன்றும். ஆனால், சில ஆண்டுகளில் அதன் பசை தாளில் ஊறிக் கறையாகி எழுத்தையே மறைத்துவிடும். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளிடையே வசம்பும் வேப்பிலையும் வைத்தனர். இன்று வேப்பிலை வைப்போர் நன்கு உலர்ந்ததையே வைக்க வேண்டும். பச்சையிலை ஈரத்தையும் கறையையும் தரும். எல்லாவற்றிற்கும் மேலாக, தூய கையுடன் மெல்லப் புரட்டுவதே சிறந்த காப்பாகும்.

எவ்வளவு காத்தபோதும் ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது இடர் மிக்கது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் பெற முடிந்தது. படி இல்லாதவை என்றென்றைக்கும் மறைந்தன. அவ்விழப்பை மறவாத ஈழத்துத் தமிழர், நூலகம் என்னும் பெயராலேயே ஒரு திட்டத்தை 2005-ஆம் ஆண்டில் தொடங்கி, தம் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் மின் வடிவில் படியெடுத்துக் காத்து வருகின்றனர். ஒன்றைப் பலவாக்கிப் பல இடங்களில் வைப்பதே தீக்கும் வெள்ளத்துக்கும் மாற்று மருந்து என்பதை அவர்கள் நன்கு உணர்ந்துள்ளனர்.

மாணவர் கடமை

வெளியாகும் நூல்களின் படிகளைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வாறு நூல்களைப் பெறும் நூலகங்களுள் சென்னைக் கன்னிமாரா நூலகமும் ஒன்று. ஆனால், உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசை எந்நூலகத்துக்கும் எவரும் அனுப்புவதில்லை. உங்கள் பள்ளி ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலையும், ஊரில் நடந்த தெருக்கூத்தின் துண்டறிக்கையையும், மூடப்பட்ட திரையரங்கின் நுழைவுச்சீட்டையும் சட்டம் காப்பதில்லை. அவற்றைக் காக்கக்கூடியவர் அவ்வூரில் வாழ்வோரே. ஒரு பள்ளியில் பயிலும் மாணவர் ஒருங்கு கூடி, தம் ஊர் பற்றிய அச்சுத் தாள்களை மட்டும் ஓராண்டு சேர்த்து, பட்டியலிட்டு, பள்ளி நூலகத்தில் ஒரு பெட்டியில் வைத்தாலும் போதும். வீட்டாரிடம் இசைவு பெற்று, எடைக்குப் போகும் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். பிறருடைய பொருளை அவர் அறியாமல் எடுத்தலும், நூலக நூலிலிருந்து பக்கத்தைக் கிழித்தலும் தொகுப்பாகா. அவை திருட்டே ஆகும்.

எல்லாத் தாள்களையும் காக்க எவராலும் இயலாது. ஒரு துறையைத் தேர்ந்துகொண்டு அதில் ஊன்றி நிற்பவரே பயன்படும் தொகுப்பை ஆக்குவர். ஒருவர் இரயில் சீட்டுகளைச் சேர்க்கலாம். மற்றொருவர் பழைய பாடநூல்களைச் சேர்க்கலாம். இன்று சிறிதாகத் தோன்றும் ஒன்று நாளை எவருக்கு எவ்வாறு பயன்படும் என்று நம்மால் கூற இயலாது. பாரதியாரின் கட்டுரை தாங்கிய நாளிதழும் அன்று ஒருநாள் தாளாகவே இருந்தது. ஏடு தேடி அலைந்த பெரியோர் ஈராயிரம் ஆண்டுப் பழமையை நமக்கு மீட்டுத் தந்தனர். அவர்கள் தேடியது நெடுங்காலத்துக்கு முன் எழுதப்பட்டவற்றை. நாம் காக்க வேண்டியவை நேற்று அச்சானவை. நூறு ஆண்டுகளுக்குப் பின் வருவோர் நம் காலத்தை அறிய விரும்பி நீட்டும் கையில், ஒரு தாளேனும் வைத்துச் செல்லுதல் நம் கடமையாகும்.